கண்ணாடிக்குள் பத்து பத்து

சிதம்பரம் கீழவீதியில் இருக்கும் அந்த வாட்ச் ஷோரூமுக்கு மணி பார்ப்பதற்காக வாட்ச் வாங்க யாரும் வருவதில்லை. மணி பார்க்கத்தான் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே. பரங்கிப்பேட்டையிலிருந்து துபாய் போய் வந்தவர்கள், அங்கே வாங்கியதும் இங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வருவார்கள். காலேஜ் பிள்ளைகள் வந்து ரோஸ் கோல்டு வாட்ச்சைக் கையில் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு, "அப்புறம் வர்றோம்க்கா" என்று நழுவிவிடுவார்கள். அந்த அப்புறம் எந்த ஜென்மத்திலும் வராது. கல்யாணம் நிச்சயமானவர்கள் வந்தால்தான் வியாபாரம். ஒரே டயல், ஒரே நிறம், அவளுடையது மட்டும் கொஞ்சம் சின்னது. ஒரே பெட்டிக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். அதற்குப் பெயர் ஜோடி வாட்ச்.

இளவரசி அங்கே பெண்கள் கவுண்டரில் நிற்கிறாள். காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அத்தனை வாட்ச்சும் ஒரே நேரத்தைக் காட்டும். பத்து மணி பத்து நிமிடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனிக்காரர் வந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது. முள் இரண்டும் அப்படி விரிந்திருந்தால் நடுவில் பிராண்டு பெயர் மறையாது, பார்ப்பவர்களுக்குச் சிரித்த முகமாகத் தெரியும். நேரம் வைக்கும் பக்கத்துத் திருகை வெளியே இழுத்து, இடுக்கில் ஒரு பொடி பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டால் வாட்ச் ஓடாது, பேட்டரியும் தீராது. விற்கும்போது துண்டை உருவி, நேரம் வைத்து, திருகை அழுத்திக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அவள் கணவன் அரவிந்தன் செத்த நேரம் பத்து மணி பத்து நிமிடம் என்று அவள் வீட்டில் சொல்கிறார்கள். அதனால் தினமும் காலையில் விளக்கைப் போட்டதும் அத்தனை முகமும் அவளைப் பார்த்து அந்த நேரத்தைச் சொல்லிச் சிரிக்கும். முதல் வாடிக்கையாளர் வரும்வரை அவள் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

அரவிந்தன் ஏசி மெக்கானிக். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. அம்மா அமராவதி, தங்கை வினோதினி, இவர்கள் இரண்டு பேர், மொத்தம் நாலு பேர் குடித்தனம். வினோதினிக்குக் கிள்ளையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் உடன்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்ட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து முறை. மணமேடையில் மாப்பிள்ளை கையைப் பிடித்து, வாட்ச்சைக் கட்டி, கட்டிய கையைத் தூக்கிச் சபைக்குக் காட்ட வேண்டும். அரவிந்தனுக்கு அதில் ஏகப்பட்ட ஆசை. இளவரசியே கடையில் ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து எடுத்து வைத்தாள். கருநீல டயல், எண்களே கிடையாது, வலை பின்னினது மாதிரி மெல்லிய பட்டை.

மாசி மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏசி மாட்டப் போனவன், சாயங்காலம் கடைக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான். அன்று இளவரசிக்கு வார விடுப்பு. கூட வேலை பார்க்கும் ஜெயராணிதான் எடுத்துக்கொடுத்தாள். "டைம் வச்சுக் குடுக்கட்டுமாண்ணா" என்று கேட்டிருக்கிறாள். "வேணாம்மா. மாப்ள கையில கட்டும்போதுதான் அது ஓட ஆரம்பிக்கணும்" என்று சொல்லி அப்படியே வாங்கிப் போயிருக்கிறான். ராத்திரி மண்டபத்திலேயே வேலை. மறுநாள் காலையில் புதுச்சத்திரத்தில் டீ குடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கிய சவுக்குத் தோப்புக்குள், கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் அவனைக் கண்டெடுத்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. அடித்துப் போட்டுவிட்டுப் போன வண்டி எது என்று இன்றுவரை தெரியாது.

போலீஸ்காரர்கள் ஒரு பையில் போட்டு அவன் சாமான்களைக் கொடுத்தார்கள். அதில் வாட்ச் பெட்டியும் இருந்தது. அமராவதி திறந்தாள். இரண்டு வாட்ச்சும் ஒரு கீறல் இல்லாமல் பத்து பத்தில் நின்றிருந்தன.

"கண்ணாடிகூட ஒடயல பாரு. நேரம் மட்டும் நின்னுடுச்சு. ரெண்டும் ஒண்ணா நின்னுடுச்சு" என்றாள்.

வீடு நிறைய ஆட்கள். ஷோரூமில் புது வாட்ச் வாங்கிய அனுபவம் அதில் ஒருத்தருக்கும் இல்லை. அமராவதியின் தம்பி காசிநாதன் அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடினார். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பத்து பத்துக்கு ரேவதி நட்சத்திரம். பதினொன்றுக்கு முன்னாலேயே அசுவினி பிறந்துவிட்டது. அசுவினியில் போயிருந்தால் ஒன்றுமில்லை. ரேவதி என்றால் அடைப்பு. ஆறு மாதத்துக்கு அவன் புழங்கிய அறையைப் பூட்டி வைக்க வேண்டும், தினமும் வாசலில் விளக்கேற்றித் தண்ணீர் வைக்க வேண்டும், வீட்டில் நல்ல காரியம் கூடாது. அதுவரை ஆவி வீட்டை விட்டு நகராது என்பது நம்பிக்கை.

அதெல்லாம் பேசி முடிவானபோது இளவரசி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு அந்தப் பிளாஸ்டிக் துண்டு தெரியும். ஆனால் அதே சமயம் அத்தை வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அடிச்ச அடியில வாட்ச்சே நின்னு போச்சுன்னா, எம்புள்ள ஒரு நொடியில போயிட்டான். கஷ்டப்படல."

ஆஸ்பத்திரியில் வைத்து, சவுக்கு வெட்ட வந்த ஆள் ஒருவர் யாரிடமோ சொன்னது இளவரசிக்கு மட்டும்தான் கேட்டிருந்தது. தூக்கும்போது உடம்பில் நல்ல சூடு இருந்ததாம்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவளும் அரவிந்தனும் இருந்த அறையையே பூட்டினார்கள். அவளுடைய புடவைகளை வெளியே எடுத்துக் கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, அவன் சட்டைகளையும் வாட்ச் பெட்டியையும் உள்ளே கட்டில்மேல் வைத்தாள் அமராவதி. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

முதலில் அமராவதிக்குத்தான் கேட்டது. விளக்கேற்றிவிட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், "இளவரசி, இங்க வா" என்று கூப்பிட்டாள். "டிக் டிக்குன்னு கேக்குது பாரு. நின்னு போன வாட்ச்சு ஓடுது. வந்துருக்கான்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல அத்தை" என்றாள் இளவரசி.

அது பொய். அவளுக்கும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், கட்டில் இருக்கும் இடத்தில் இருந்து, அவசரமில்லாமல், விட்டு விட்டு ஒரு சத்தம். கூடத்துக் கடிகாரம் சத்தமில்லாத வகை. அவளே கடையிலிருந்து வாங்கி வந்தது. பல்லியின் சத்தம் வேறு, ஓட்டில் காய்ந்த இலை விழும் சத்தம் வேறு. இது வாட்ச். நாள் முழுக்க வாட்ச்சுகளோடு நிற்கிறவளுக்கு அது தெரியாதா? திருகை வெளியே இழுத்து வைத்த வாட்ச் ஓடாது என்பதும் தெரியும். தெரிந்ததுதான் அவளை ஆட்டி வைத்தது. அத்தைக்காவது அது நின்று போய் மறுபடி ஓடுகிற வாட்ச். அவளுக்கு ஓடவே முடியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்தச் சத்தம் வேறொன்றையும் சொன்னது. டீக்கடைக்கும் உச்சிவேளைக்கும் நடுவில் சவுக்குத் தோப்பில் போன நேரத்தை அது எண்ணிக்கொண்டிருப்பதாகவே நினைத்தாள். பயமாக இருந்தது. ஆனாலும் சாயங்காலம் பஸ் தாமதமானால் தவித்துப் போவாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவன் இல்லை. இப்படி மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கமாக அந்தக் கதவைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டது வினோதினி. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. ஆனி முடிவதற்குள் கிளம்ப வேண்டும். வருஷம் திரும்புவதற்குள் நல்ல காரியம் செய்யலாம் என்று ஊரே சொல்கிறது, ஆனால் அடைப்பு வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம், வைகாசியில் முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று கிள்ளையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். வினோதினி அழவில்லை, சண்டை போடவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் இந்த ரூம்லதான் இருக்குன்னு அம்மா சொல்லுதே. அப்ப நா கல்யாணம் பண்ணிட்டுப் போனா அண்ணன் கோச்சுக்குமா?"

இளவரசி கழுவின பாத்திரத்தை வாங்கித் துடைத்து அடுக்கினாள். அரவிந்தன் கோபித்துக்கொண்டிருந்தால் அது யாரிடம் என்று அவளுக்குத் தெரியும்.

சித்திரை பாதியில் ஒருநாள் மதியம், மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் கடைக்கு வந்தான். உள்ளே வரத் தயங்கி, வாசலில் செருப்பைக் கழற்றப் போனான். ஷோரூமில் யார் செருப்பைக் கழற்றுவார்கள்? "அப்படியே வாங்க தம்பி" என்றாள் இளவரசி.

"அக்கா, நா வெயிட் பண்ணுவேன். எத்தன மாசம் ஆனாலும் பரவால்ல. வினோதினிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். "ஆனா எங்க வீட்ல கேக்க மாட்றாங்க. எங்கம்மா வேற பொண்ணு போட்டோவோட சுத்துது. நீங்க அத்தைகிட்ட ஒருவாட்டி பேசிப் பாருங்களேன்."

பேசிக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். பார்வை அடுத்த பெட்டிக்குப் போனது. அதற்கடுத்த பெட்டி. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், ஜோடிகள் இருக்கும் பக்கம். பத்து பத்து என்றுதான் அவனுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, ஏன் எல்லாத்துலயும் பத்து பத்து?"

இளவரசி கையிலிருந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். ஜெயராணிதான் பில் போட்டுக்கொண்டே, ஒன்றும் அறியாதவளாக, "புது வாட்ச் எல்லாமே அப்படித்தாங்க சார் இருக்கும். வாங்கும்போதுதான் டைம் வச்சுத் தருவோம்" என்றாள்.

அவன் ஜோடி வாட்ச்சுகள் இருந்த பெட்டிமேல் கையை வைத்தான். "இது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "மச்சான் ஒரு நொடியில போயிட்டாருன்னு அத்தை நம்பட்டும்னுதான சொல்லாம இருந்தீங்க" என்றான். இத்தனை நாளில் அதைப் புரிந்துகொண்ட முதல் ஆள், அந்த வீட்டுக்கு இன்னும் மாப்பிள்ளை ஆகாதவன்.

"நா சொல்லட்டுமா அத்தைகிட்ட?"

"வேணாம் தம்பி. நானே சொல்றேன்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். இங்கே ஒரு உண்மையைச் சொன்னால்தான் கல்யாணம். அந்த ஒன்று ஆயிரத்தைவிடக் கனமாக இருந்தது. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்பு வந்தபோது, வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்கிறவள், அன்றைக்கு மூடவில்லை. மரங்கள் நெருக்கமாக நின்றன. கீழே மணலில் வெயிலே விழவில்லை. அதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அமராவதி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வினோதினி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இளவரசி பையைக்கூட வைக்காமல் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். தள்ளிப் போட்டால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"அத்தை, அந்த வாட்ச் அடிபட்டு நிக்கல. கடையிலயே அப்படித்தான் இருந்துச்சு. எங்க கடையில எல்லா வாட்ச்சும் பத்து பத்துலதான் நிக்கும். அது அவுரு போன நேரம் இல்ல."

அமராவதி திரியைக் கிள்ளினாள். எண்ணெய் ஊற்றினாள். நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தவள் பற்ற வைக்கவில்லை.

"பத்து பத்துக்கு எனக்கு நெஞ்ச அடச்சுதே. மாவு அரச்சிட்டு இருந்தேன். கை அப்படியே நின்னுபோச்சே."

"தெரியும் அத்தை. சொல்லிருக்கீங்க."

"அதுவும் பொய்யா?"

இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு தாயிடமிருந்து அவள் மகன் செத்த நேரத்தைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய பாவம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப உள்ள டிக் டிக்குன்னு கேக்குதே, அது என்ன?" என்றாள் அமராவதி.

"தெரியல அத்தை. எனக்கும் கேக்குது."

அமராவதி நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இத்தனை நாளும் சொன்னவள். கையை நீட்டி இளவரசியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான், இளவரசி இத்தனை நாள் எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அந்தக் கேள்வி வந்தது.

"அப்ப எவ்ளோ நேரம் அங்க கெடந்தான்?"

"தெரியல அத்தை."

"வெயில்லயா கெடந்தான்?"

"இல்ல அத்தை. நா இன்னிக்குப் பாத்தேன். சவுக்கு நல்லா அடர்த்தியா இருக்கு. நெழல்தான்."

அமராவதி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

பூட்டு இறுகிப் போயிருந்தது. கதவு திறந்ததும் அவன் போடும் தேங்காயெண்ணெய் வாசனை அப்படியே வந்து முகத்தில் அடித்தது. கட்டில்மேல் பெட்டி இருந்தது. இளவரசி திறந்து பார்த்தாள். கருநீல டயல் இரண்டும் பத்து பத்து. திருகின் இடுக்கில் பிளாஸ்டிக் துண்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அமராவதி ஆண் வாட்ச்சை எடுத்துக் காதில் வைத்தாள். அப்புறம் பெண் வாட்ச்சை வைத்தாள். இரண்டையும் திரும்பக் கொடுத்துவிட்டாள்.

"ஓடல" என்றாள்.

மறுநாள் காசிநாதன் ஜோசியரிடம் போனார். போன நேரம் தெரியாவிட்டால் கண்ட நேரத்தைத்தான் எடுக்க வேண்டும், அது அசுவினி, அடைப்பு இல்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தான் முதலில் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. வைகாசியில் சிதம்பரத்தில் கல்யாணம் நடந்தது.

வாட்ச் கட்டும் நேரத்தில் காசிநாதன் தன் மகனை மேடைக்குக் கூப்பிட்டார். அமராவதி கையைக் காட்டி நிறுத்தினாள். "எம்மவன் வாங்குனது. அவன் பொண்டாட்டி கட்டட்டும்" என்றாள். கூட்டத்தில் சலசலப்பு. தாலியிழந்தவள் மணமேடை ஏறுவதா என்று நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். செந்தமிழ்செல்வன் எதையும் காதில் வாங்காமல் கையை நீட்டினான்.

இளவரசி கடையில் எத்தனையோ பேருக்குச் செய்ததைச் செய்தாள். நகத்தால் பிளாஸ்டிக் துண்டை உருவினாள். முள்ளைத் திருப்பி அந்த நிமிடத்துக்கு வைத்தாள். வாட்ச்சை அவன் கையில் கட்டிவிட்டுத் திருகை அழுத்தினாள். நொடிமுள் கிளம்பி ஓடியது. அரவிந்தன் சொன்னபடியே, மாப்பிள்ளை கையில்தான் அது ஓட ஆரம்பித்தது. கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. அவள் அழுதது பக்கத்தில் நின்ற வினோதினிக்கு மட்டும் தெரிந்தது.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கிள்ளைக்குப் போன அன்று சாயங்காலம் செம்மண்டலம் வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இளவரசியின் புடவைகள் அட்டைப்பெட்டியிலிருந்து அறைக்குள் போய்விட்டிருந்தன. கதவு அகலத் திறந்து கிடந்தது, உள்ளே மின்விசிறி சுற்றியது. விளக்கு ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் அமராவதி ஏற்றினாள். பழக்க தோஷம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். இளவரசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேக்குதா?" என்றாள் அமராவதி.

இளவரசி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தாள். காது கொடுத்துக் கேட்டாள். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

"இல்ல அத்தை."

"எனக்கும் கேக்கல. கதவத் தொறந்தன்னிக்கே நின்னுடுச்சு." அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லதுதான். எம்பொண்ணு போய்ச் சேந்தா. அவனும் போய்ச் சேந்துருப்பான். நல்லதுதான்."

விளக்கு நிதானமாக எரிந்தது. இளவரசிக்கு மணிக்கட்டு வெறுமையாக இருப்பதுபோல் பட்டது. அவள் வாட்ச் கட்டுவதில்லை, எப்போதுமே. அமராவதி அறைக்குள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டில் காலியாக இருந்தது.

"இளவரசி."

"சொல்லுங்க அத்தை."

"கொஞ்ச நேரம் அந்தக் கதவச் சாத்திட்டு வா."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.